ஒரு நோயாளிக்கு ஒரு பார்வையாளர்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

இதை எழுதுபவன் உன் அண்ணன். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் ‘சட்டம்’ என்ற பெயரால் அறியப்பட்டவன். இதுவரை அந்தப் பெயர் என் முதுகுக்குப் பின்னால்தான் புழங்கிவந்தது. நான் விடைபெற்ற அன்று நீ அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னாய். எனவே அது முறைப்படி வழங்கப்பட்டுவிட்டதாகக் கருதி, கீழே அந்தப் பெயரிலேயே கையெழுத்திடுகிறேன்.

இக்கடிதத்துக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. நான் ஏன் வார்டை விட்டு ஆய்வகத்துக்கு வந்தேன் என்பதை விளக்குவது ஒன்று. மாப்பிள்ளையிடம் ஒரு அனுமதி கேட்பது மற்றொன்று. தொலைபேசியில் பேசினால் நான் பாடம் எடுக்கிறேன் என்கிறாய், பாதியில் வைத்துவிடுகிறாய். “எதுவானாலும் எழுதி அனுப்பு, உன் குரலைக் கேட்டா எனக்குச் சண்டைதான் வருது” என்றாய். எழுதுகிறேன்.

உன் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தபோது, சொந்தக் குடும்பத்தாருக்கு மருத்துவர் சிகிச்சை அளிக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி அவரை என் வார்டின் இளைய மருத்துவரிடம் ஒப்படைத்தேன். அது கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது என்று தெரிந்த மாதத்தில் மருத்துவமனையையே விட்டு, ஒரு இரவு ரயில் பயணத் தொலைவுக்கு வந்துவிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஓட்டமாகத்தான் தெரியும்.

நடந்தது வேறு. சென்ற ஆண்டு என் வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒத்த வயது, ஒரே கட்டி, ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவர் வேலைக்குத் திரும்பினார். மற்றவருடைய மனைவி என்னிடம், “டாக்டர், இவருக்கு மட்டும் ஏன் மருந்து கேக்கல?” என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்தது, ‘ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி’ என்பது. அது பதில் அல்ல. பதில் தெரியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டியின் செல்லுக்குள், அதன் மரபணுவில், பதில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கக் கற்க வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

இனி அனுமதி. மாப்பிள்ளையின் கல்லீரலிலிருந்து சென்ற மாதம் பயாப்சிக்காக எடுத்த சதையில் இரண்டு சிறு துண்டுகள் மீதம் உள்ளன. அவர் சம்மதித்தால் ஒன்றை இங்கே குப்பியில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது மடிகிறது என்று பார்க்கலாம். எங்கள் ஆய்வகத் தலைவி ஒப்புக்கொண்டுள்ளார். நிபந்தனை ஒன்றுதான்: முடிவு முறைப்படி உறுதியாகும் வரை அது நோயாளியையோ குடும்பத்தையோ சேரக்கூடாது. நானும் எந்த நம்பிக்கையும் தரவில்லை.

இப்படிக்கு,
சட்டம்

மார்ச் 9

அண்ணா,

சதைத் துண்டுகளோடு கொஞ்சம் ரத்தத்தையும் உன் சின்ன டாக்டர் ஐஸ் போட்டு அனுப்புகிறார், சம்மதக் கையெழுத்தும் இதோடு இருக்கிறது. கொஞ்சம் கோணலாக இருக்கும். கீமோ ஏறியதிலிருந்து அவருக்கு விரல் நுனி மரத்துப்போகிறது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதருக்கு ஸ்க்ரூ கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று தெரியவில்லை. சத்தம் கேட்டால் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்.

கையெழுத்துப் போடும்போது சொன்னார்: “உங்க அண்ணன் இத்தனை வருஷம் முழு ஆளா பாத்தாரு. இப்ப துண்டு துண்டா பாக்கப் போறாராம். எடுத்துக்கச் சொல்லு. எனக்கு வேண்டாததைத்தானே கேக்கறாரு.” அவருக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை.

நான் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவள். ஒரு டிரைவர் லீவு கேட்டால் அவர் பஸ்ஸுக்கு ஆள் போட்டுவிட்டுத்தான் சரி என்பேன். சின்ன டாக்டரைப் போட்டேனே என்று நீ சொல்வாய். அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஸ்கேன் முடிவைச் சொல்கிறபோது எனக்குக் காது அடைத்துப்போகிறது. பக்கத்தில் நின்று ‘இதுக்கு இதுதான்மா அர்த்தம்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? மருந்து எழுதக்கூடாது என்று விதி இருக்கலாம். பக்கத்தில் நிற்கக்கூடாது என்றுமா இருக்கிறது?

வார்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறதே, ‘ஒரு நோயாளிக்கு ஒரு பார்வையாளர்’ என்று. நீ மாட்டியதுதான். அவருக்கு ஆபரேஷன் ஆன அன்று அனுமதிச் சீட்டோடு நான் உள்ளே இருந்தேன் என்பதற்காக நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அந்த வார்டுக்கே பெரிய டாக்டர்! காவலாளி பதறி எழுந்து, “நீங்க போங்க சார், உங்களுக்கு என்ன சீட்டு” என்கிறார். நீ, “சீட்டு ஒண்ணுதானேப்பா” என்கிறாய். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது யோசித்தால், அன்றைக்கே நீ வெளியேதான் இருந்திருக்கிறாய் என்று தோன்றுகிறது.

என் கோபம் தீரவில்லை. துண்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தங்கை

மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் எனக்கு ஆய்வகத்தில், கையுறை மாட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தது. அதற்குப் பதில் சொல்ல முயன்று மூன்று தாள்களைக் கிழித்தேன். ஆகவே பதிலை விட்டுவிட்டு நிலவரத்தை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே நான் கடைநிலை மாணவன். எங்கள் தலைவிக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. முதல் வாரம் நான் பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலைப் பிடித்த விதத்தைப் பார்த்து, “சார், அது ஊசி இல்ல. யாருக்கும் வலிக்காது, மெதுவா அழுத்துங்க” என்றார். கண்கொத்திப் பாம்பாக என் கையையே பார்க்கிறார். நான் என் பயிற்சி மருத்துவர்களை எப்படிப் பார்த்தேன் என்பது இப்போது புரிகிறது.

வேலை முழுவதும் ‘ஹூட்’ என்று இவர்கள் சொல்லும் கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கிறது. உள்ளே வடிகட்டிய காற்று. கைகள் மட்டும் நுழையும். மாப்பிள்ளையின் செல்களோடு, ஒப்பிடுவதற்காக ஆய்வகத்தின் பழைய செல்களையும் நான்தான் பராமரிக்கிறேன். என்றோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, சாகாமல் பெருகிக்கொண்டே இருப்பவை அவை. இரண்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வகைக் குப்பிதான் ஹூட்டுக்குள் இருக்கலாம் என்பது இங்கே முதல் விதி. கிருமித் தூய்மையைப் பொறுத்தவரை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குப்பியிலும் இதுவரை கிருமி தொற்றவில்லை.

இனி, நீ கேட்க விரும்பும் செய்தி. முதல் பத்து நாட்கள் மாப்பிள்ளையின் குப்பியில் அசைவே இல்லை. பிறகு ஒரு காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஓரத்தில் ஒரு சிறு திட்டு. அடுத்த வாரத்துக்குள் குப்பியின் அடிப்பரப்பு முழுவதும் நிரம்பிவிட்டது. இத்தனை வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மருந்துச் சோதனைக்குப் போதுமான செல்கள் சேர்ந்துவிட்டன.

இது வளர்ச்சி பற்றிய செய்தி மட்டுமே. சிகிச்சை பற்றியது அன்று. அவ்விதமே எடுத்துக்கொள்.

சட்டம்

ஏப்ரல் 2

அண்ணா,

எல்லாச் செய்திக்கும் ஒரு பூட்டுப் போட்டு அனுப்புகிறாய். ‘அவ்விதமே எடுத்துக்கொள்’ என்றால் எவ்விதம் எடுத்துக்கொள்வது?

நேற்று அவர் கீமோவுக்குப் போய் வந்தார். வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று படி. பத்து மாடி ஏறி மோட்டார் ரூமுக்குப் போகிற மனிதர். “லிஃப்ட் வைக்கணும்டி நம்ம வீட்டுக்கு, நானே வைக்கறேன்” என்றார். பிறகு சட்டென்று முகம் மாறி, “இது எனக்கு வேலை செய்யுதான்னு யாராவது உறுதியா சொல்ல முடியுமா? செய்யுதுன்னா இன்னும் ஆறு தடவைகூடத் தாங்கிக்குவேன். செய்யலன்னா எதுக்கு இது?” என்றார்.

சின்ன டாக்டரிடம் கேட்டேன். “அடுத்த ஸ்கேன்ல தெரியும்மா” என்றார். அவருக்கும் தெரியவில்லை, அதை மரியாதையாகச் சொன்னார். நீ எழுதினாயே, அந்த மரியாதைதான்.

நீ அந்தக் கேள்விக்காகத்தான் வேலையை விட்டாய். கேள்வி இப்போது உன் தங்கை வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறது. உன் குப்பியில் ஏதாவது தெரிந்தால் சொல்லு. டாக்டராகச் சொல்ல வேண்டாம். அண்ணனாகச் சொல்லு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

தங்கை

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

இதை எழுதலாமா என்று மூன்று நாட்களாக யோசித்தேன். எழுதக்கூடாது என்பதே சரியான விடை. ஆயினும் எழுதுகிறேன்.

சோதனை முடிந்தது. மாப்பிள்ளைக்கு இப்போது ஏறும் மருந்தை அவருடைய செல்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வேறொரு வகைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. பெயரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதை மிகக் குறைந்த அளவில் இட்டபோதே செல்கள் சுருங்கி, குப்பியின் அடிப்பரப்பிலிருந்து கழன்று, மிதந்தன. நான் மறுபடியும் செய்து பார்த்தேன். அப்படியேதான் ஆயிற்று. இருபது ஆண்டு மருத்துவத்தில் ஒரு மருந்து வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்தது அதுவே முதல் முறை. நுண்ணோக்கியை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் சில உறுதிச் சோதனைகள் பாக்கி உள்ளன. தலைவிக்கு நான் இதை உனக்குச் சொன்னது தெரியாது. இதை வைத்து எதையும் மாற்றிவிடாதே. மனத்தில் மட்டும் வைத்துக்கொள். நீ அண்ணனாகச் சொல்லச் சொன்னாய். சொல்லிவிட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 26

அண்ணா,

வயிற்றில் பாலை வார்த்தாய். டிப்போவில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஒரே நேரத்தில் இரண்டு ரூட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். டிரைவர்கள் இரண்டு பேரும் வந்து என் மேஜைக்கு முன் நின்று சிரிக்கிறார்கள்.

மனத்தில் மட்டும் வைத்துக்கொள் என்றாய். என் மனம் அவ்வளவு பெரிய இடமா? அவரிடம் சொல்லிவிட்டேன். அவர், “அப்போ நான் இத்தனை நாள் சும்மா வாந்தி எடுத்தேனா?” என்றார்.

அடுத்த கீமோவுக்கு வரவில்லை என்று சின்ன டாக்டரிடம் சொல்லிவிட்டோம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “யார் சொன்னாங்க?” என்று கேட்டார். நீதான் என்று சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்திருக்கும். அந்த மாத்திரையை எழுதித்தர மாட்டேன் என்றார். வேறொரு டாக்டரைப் பார்த்தோம். உன் பெயரைச் சொன்னதும் எழுதிக் கொடுத்துவிட்டார். “அவர் சொன்னா யோசிக்க வேண்டியதே இல்ல, அவர் ஒரு கமாவைக்கூட மாத்திப் போட மாட்டாரு” என்றார். மருந்துக் கடையில் வரவழைக்கச் சொல்லியிருக்கிறோம். வந்ததும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

உன் பழைய கடிதத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வாரத்தில் குப்பி நிரம்பியது என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஒரே சிரிப்பு. “என் உடம்புலேர்ந்து போனது இவ்வளவு சுறுசுறுப்பா? ஞாயித்துக்கிழமை என்னை எழுப்பறதுக்கே உனக்கு மூணு காப்பி வேணும். ஆள் மாறாட்டமா இருக்கப்போகுது, மச்சானை நல்லா பாக்கச் சொல்லு!”

ரொம்ப நாள் கழித்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அண்ணா. உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தங்கை

ஏப்ரல் 29

தங்கைக்கு,

உன்னைத் தொலைபேசியில் பலமுறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. எனவே இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஏப்ரல் 20 தேதியிட்ட என் கடிதத்தில் குறிப்பிடப்பட்ட விவரங்கள் முதற்கட்டத் தன்மை கொண்டவை. ஆய்வகத்தின் நடைமுறைப்படி அவை உறுதிசெய்யப்படவில்லை. உறுதிசெய்யப்படாத ஆய்வு முடிவின் அடிப்படையில் நடப்புச் சிகிச்சையை நிறுத்துவது விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே குறிப்பிட்ட மாத்திரையைத் தொடங்க வேண்டாம் என்றும், சின்ன டாக்டரிடம் கீமோவைத் தொடருமாறும் கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் விவரம் கிடைத்ததும் தெரிவிக்கப்படும்.

இப்படிக்கு,
ஆய்வு மருத்துவர்

மே 1

ஆய்வு மருத்துவர் அவர்களுக்கு,

‘தெரிவிக்கப்படும்’. யார் தெரிவிப்பார்கள்? எங்கள் டிப்போவில் பஸ் வராத நாளில் நான் பலகையில் எழுதி வைப்பேன், ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்று. எதற்கு அப்படி எழுதுவேன் தெரியுமா? பஸ் ஏன் வரவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்போது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தலைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டியிருப்பார். உனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, ஐம்பது வயதில் ஒரே ஒரு தடவை, விதியை விட்டு வெளியே வந்து எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாய். அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் மறுபடி புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டாய். கையெழுத்துகூட அண்ணன் இல்லை.

செல்கள் செத்தன என்று எழுதினாய். கண்ணால் பார்த்தேன், எழ மனம் வரவில்லை என்று எழுதினாய். அது பொய்யா? பொய் இல்லையென்றால் மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம். அவரிடமும் உன் கடிதத்தைக் காட்டினேன். “மச்சானுக்கு வேலைக்கு ஆபத்துபோல. பாவம், விடு” என்றார்.

போன் அடிக்காதே. எடுக்க மாட்டேன். மாத்திரை இன்று வந்துவிட்டது.

தங்கை

மே 4

தங்கையே,

தலைவி திட்டவில்லை. எனக்கு வேலை பறிபோகும் ஆபத்தும் இல்லை. என் சென்ற கடிதம் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காகவே எழுதப்பட்டது. கீழே உள்ளதைத் தயவுசெய்து கடைசி வரை படி. படிப்பதற்கு முன் மாத்திரையை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வை.

மாப்பிள்ளையின் கேலி எனக்கு 28ஆம் தேதி வந்து சேர்ந்தது. ‘ஆள் மாறாட்டம்’. படித்ததும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி படித்தேன். ஒரு நோயாளியிடமிருந்து நேராக வந்த செல்கள் வாரக்கணக்கில் தயங்கித் தயங்கி வளரும். பெரும்பாலும் வளரவே வளராது. ஒரு வாரத்தில் குப்பியை நிரப்புகிற செல் எது என்பது இங்கே முதல் மாத மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதை நல்ல செய்தி என்று உனக்கு எழுதினேன்.

மாப்பிள்ளையின் ரத்தத்தில் உள்ள டிஎன்ஏவையும் குப்பியில் உள்ள செல்களின் டிஎன்ஏவையும் ஒப்பிடும் அடையாளச் சோதனை ஒன்று உண்டு. நான் உனக்கு ‘பாக்கி’ என்று எழுதியது அதைத்தான். அதன் முடிவு இன்று காலை வந்தது. இரண்டும் பொருந்தவில்லை. குப்பியில் இருப்பது மாப்பிள்ளை அல்ல. நான் பக்கத்தில் வளர்த்துவந்த ஆய்வகத்தின் பழைய செல்கள் அவை. அவருடைய செல்கள் பிழைக்கவே இல்லை. அவற்றின் இடத்தில் இவை குடியேறிப் பெருகிவிட்டன.

எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் உன் கடிதமும் துண்டுகளும் கைக்கு வந்த அன்று, கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு துண்டைக் குப்பியில் இடுவதற்காக ஹூட்டில் உட்கார்ந்தேன். சீக்கிரம் முடித்து உனக்குப் பதில் எழுத வேண்டும் என்ற அவசரம். இரண்டு குப்பிகளையும் ஒன்றாக உள்ளே வைத்தேன். ஒரே புட்டியிலிருந்து இரண்டுக்கும் திரவம் ஊற்றினேன். வார்டில் பழகிய என் கைக்குக் கிருமி மட்டுமே எதிரி. கிருமி நுழையாமல் பார்த்துக்கொண்டேன். இங்கே எதிரி கிருமி அல்ல, அடுத்த குப்பி. அதற்குத்தான் அந்த முதல் விதி. ஒரு துளியில் பத்து செல் போதும். உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கடிதம் உன்னுடையது, கை என்னுடையது.

ஏப்ரல் 29 அன்றே எனக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. ‘நான் குப்பியைக் கலந்துவிட்டேன் என்று நினைக்கிறேன், எதையும் கொடுக்காதே’ என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதை எழுத எனக்குக் கூசியது. அதனால் விதியின் மொழியில் எழுதினேன். அந்த மொழியில் எழுதினால் யாருடைய தவறு என்பது தெரியாது.

இந்த மாத்திரை மாப்பிள்ளைக்கு வேலை செய்யும் என்பதற்கு இப்போது எந்தச் சான்றும் இல்லை. கீமோ வேலை செய்யவில்லை என்பதற்கும் இல்லை. அது இன்னும் செய்துகொண்டிருக்கலாம்.

சின்ன டாக்டரிடம் இப்போதுதான் பேசினேன். எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, “சார், அவருக்கான கீமோ நாற்காலியை நான் யாருக்கும் குடுக்கல. எப்ப வந்தாலும் ஏத்தறேன்” என்றார். உன் வீட்டுக்கு அவரே போவதாகவும் சொன்னார். கதவைத் திற.

அண்ணன்

மே 8

அண்ணா,

உன் கடிதம் ஐந்தாம் தேதி மதியம் வந்தது. சின்ன டாக்டர் அதற்கு முன்பே வந்துவிட்டார். ஆனால் அவர் வந்தபோது நாங்கள் ஏற்கெனவே வாசலில் இருந்தோம், ஆம்புலன்சுக்காக.

முதல் தேதி ராத்திரியே ஆரம்பித்துவிட்டார். உன் கடிதத்தைப் பார்த்த கோபத்தில் நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. மருந்து வேலை செய்கிறது, அதனால்தான் இப்படி என்று சொல்லிக்கொண்டே மேலும் ஒரு மாத்திரை விழுங்கினார். உப்பெல்லாம் இறங்கிப்போய்விட்டது என்றார்கள். இப்போது உன் பழைய வார்டில், ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். சிறுநீரகம் தேறிவருகிறது என்று சின்ன டாக்டர் சொன்னார். உடம்பு தேறினால்தான் கீமோ. எப்போது என்று தெரியாது. இடையில் உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்றும் தெரியாது.

நேற்று பேசுகிற அளவுக்குத் தெளிந்தார். உன் கடிதத்தைக் கேட்டார், படித்தேன். முதலில் சிரித்தார். “நான் சொன்னேன்ல, ஆள் மாறாட்டம்னு” என்றார். பிறகு, “அப்போ அந்தக் குப்பியில செத்தது யாருடி?” என்று கேட்டார். உங்க மச்சானையே கேளுங்க என்றேன்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. எதற்கு என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெளிவு பிடிக்கும். குப்பியைக் கலந்ததற்கு அல்ல. அவசரத்தில் நானும் பதினேழாம் நம்பர் பஸ்ஸை இரண்டு ரூட்டுக்கு அனுப்பினேன். முன்கூட்டியே சொன்னதற்கும் அல்ல, கேட்டவள் நான். அந்த 29ஆம் தேதிக் கடிதத்துக்கு. அதில் ஒரு வரி, நீ சொல்கிற அந்த ஒரு வரி இருந்திருந்தால், அவர் அந்தப் பெட்டியைப் பிரித்திருக்கவே மாட்டார்.

நான் இங்கேயே இருக்கிறேன். வீட்டுக்கு எழுதினால் கிடைக்காது. வார்டு விலாசம் உனக்குத் தெரியும்.

தங்கை

மே 10

அன்புள்ள தங்கைக்கு,

நீ சொன்னது சரி. அதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.

தலைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு ஏப்ரலில் எழுதியதையும் சேர்த்து. அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தக் குப்பிகளை நானே எடுத்துப்போய் அழிக்கச் சொன்னார், அழித்தேன். நான் மீண்டும் ஹூட்டில் உட்காரலாமா என்பதை அவர் முடிவு செய்வார். மாப்பிள்ளையின் இரண்டாவது துண்டு ஆழ்குளிரில் இருக்கிறது. அது ஒன்றுதான் மீதம். அதை என்ன செய்வது என்பதை நானோ தலைவியோ முடிவு செய்ய முடியாது. அவர் சொல்ல வேண்டும்.

குப்பியில் செத்தது யார் என்று அவர் கேட்டிருக்கிறார். ஆய்வகக் குறியீட்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. என்றோ, எங்கோ, அவரைப் போலவே ஒரு கட்டிலில் படுத்திருந்த ஒருவர். பெயர் இல்லை, வயது இல்லை, அருகில் யார் இருந்தார்கள் என்ற குறிப்பும் இல்லை. இத்தனை நாள் அவரை நான் ‘பழைய செல்கள்’ என்றே எழுதிவந்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் இதை எழுத்தில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, வந்து சொல்கிறேன்.

இன்றிரவு ரயிலேறுவேன். நீ இதைப் பிரிக்கும் நேரத்தில் வந்துசேர்ந்திருப்பேன். காவலாளி எழுந்து நின்று உள்ளே போகச் சொல்வார், போக மாட்டேன். அந்தப் பலகை என்னுடையது, அவருக்குரிய சீட்டு உன் கையில் இருக்கிறது. வார்டு வாசலில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ வெளியே வந்து சீட்டை என்னிடம் கொடுக்கும் வரை அங்கேயே இருப்பேன். கொடுத்தால், உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்பேன்.

அண்ணன்